நுனித்தோலும் முன்தோலும்: ஓர் உறுப்பின் தமிழ்ப் பெயர் வரலாறு

1. முன்னுரை

மும்பையின் துறைமுக வழி இருப்புப்பாதையில் செம்பூரை அடுத்து அமைந்துள்ள நிலையம் கோவண்டி. மராத்தி, உருது, இந்தி, தமிழ் ஆகிய மொழிகளைப் பேசுவோர் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் பகுதி அது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. கோவண்டி நிலையச் சாலையில், தேவ்னாரில், 1956 இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இயங்குகிறது. இந்நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் 1992-93 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குடும்பநல ஆய்வுகளுக்கான வினாநிரல்கள் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு வீடுதோறும் கொண்டு செல்லப்படுகின்றன. வாயிலில் நிற்கும் அந்நியர் ஒருவர் உடலைப் பற்றிக் கேட்கும் வினா எந்தச் சொல்லால் அமைகிறது என்பதைப் பொறுத்தே விடையும் அமையும். எனவே, உடலுறுப்புப் பெயர்கள் மொழிபெயர்ப்பாளர்க்கு வெறும் அகராதிச் சிக்கல் அல்ல.

அத்தகைய பெயர்களுள் மிகவும் இடர்ப்பாடு மிக்கது ஆண்குறியின் முனையை மூடியுள்ள தோலின் பெயர். அதனை நீக்கும் சடங்கிற்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. ஆனால் அவ்வுறுப்பிற்கு ஒரு தனிச்சொல்கூடப் பொதுவழக்கில் நிலைபெறவில்லை. செயலுக்குப் பெயர் மிகுந்து பொருளுக்குப் பெயர் குறைந்த இந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதையும், உடற்கூறு, செயல், தூய்மை ஆகியவற்றைப் பற்றி இன்று தமிழில் எழுதுவோர்க்கு அது விளைக்கும் சிக்கல்கள் எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. அவையல் கிளவி

அவையில் கூறத் தகாதனவற்றை மறைத்துக் கூறுதல் தமிழ் இலக்கண மரபு. தொல்காப்பியம் இதனை அவையல் கிளவி என்னும் கருத்தால் விளக்கும்; நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தும். ஆண்குறி என்னும் சொல்லே இடக்கரடக்கல்தான். குறி என்பதற்கு அடையாளம் என்பதே முதற்பொருள். வடமொழியின் இலிங்கம் என்பதும் அடையாளம் என்னும் பொருளுடையதே. இரு மொழி மரபுகளும் உறுப்பைச் சுட்டாமல், அது எதனை அறிவிக்கிறதோ அதனைச் சுட்டியுள்ளன.

உறுப்பின் பெயரே மறைபெயராக இருக்கும்போது, அதன் பகுதிகளுக்குப் பெயர் அமைவது மேலும் அரிதாகிறது. கண்ணை மூடிக் காக்கும் தோலுக்கு இமை என்னும் தனிச்சொல் உண்டு. மருத்துவ நூல்களில் இமையோடு ஒப்பிடப்படும் இவ்வுறுப்பிற்கோ தோல் என்னும் பொதுச்சொல்லின் முன் ஓர் அடை சேர்த்தே பெயர் அமைக்க வேண்டியுள்ளது. தோல் என்னும் சொல்லும் பரந்த பொருளுடையது. உயிருள்ள உடலின் தோல், பழத்தின் தோல், பதனிட்ட விலங்குத் தோல் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். நெல்லைச் சீமையிலிருந்து சென்று தாராவியில் தோல் பதனிடும் தொழில் நடத்திய தமிழர் வழக்கில் தோல் என்பது முதன்மையாக ஒரு சரக்கு. உயிருள்ள உறுப்பொன்றை உரித்தெடுக்கத்தக்க மேலுறையாக எண்ணச் செய்யும் சாயல் இச்சொல்லில் உள்ளமை பின்னர்க் காட்டப்பெறும்.

3. விவிலிய மொழிபெயர்ப்பின் வழி

இவ்வுறுப்பைத் தமிழில் பலமுறை, வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் விவிலிய மொழிபெயர்ப்பாளர்க்கு நேர்ந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1714-15 இல் அச்சேறியது. பப்ரீசியுசின் மொழிபெயர்ப்பும் இரேனியுசின் திருத்தமும் அதனைத் தொடர்ந்தன. 1871 இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு இன்றுவரை சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கி வருகிறது. அதில் உறுப்பு நுனித்தோல் எனவும், அதனை நீக்கும் செயல் விருத்தசேதனம் எனவும் பெயர் பெற்றுள்ளன. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு பல பழஞ்சொற்களை மாற்றியபோதும் விருத்தசேதனம் என்பதை மாற்றவில்லை.

விருத்தசேதனம் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அமைக்கப்பட்டது. கிரேக்கத்தின் பெரிதொமே, இலத்தீனத்தின் சிர்கும்சிசியோ ஆகிய இரண்டும் 'சுற்றி வெட்டுதல்' என்றே பொருள்படும். விருத்தம் வட்டம், சேதனம் வெட்டுதல். வடமொழி எழுத்தில் இப்பொருள் தெளிவானது. ஆனால் தமிழ் எழுத்தில் வட்டத்தைக் குறிக்கும் விருத்தமும், முதுமையைக் குறிக்கும் விருத்தமும், பகையைக் குறிக்கும் விருத்தமும் ஒரே வடிவம் பெறுகின்றன. யாப்பில் ஒரு பாவினமும் அப்பெயர் உடையது. இதனால் சொல்லின் உறுப்புகளிலிருந்து பொருளை உய்த்துணரும் வாய்ப்புக் கேட்போர்க்கு இல்லாமற் போயிற்று. மொழியியல் நோக்கில் இது குறை எனினும், வழிபாட்டு நோக்கில் பயனுடையதாயிற்று. பொருள் விளங்காத சொல்லை ஆலயத்தில் கூச்சமின்றி உரக்க வாசிக்கலாம். பொருள் மறைவே இங்கு இடக்கரடக்கலாகப் பணியாற்றுகிறது.

நுனித்தோல் என்பதோ முற்றிலும் தமிழாலானது, எளிதில் விளங்குவது. ஆயினும் நுனி என்னும் அடை, புல்லின் நுனி, நகத்தின் நுனி என்பனவற்றில் உள்ளவாறு, மிகையாக நீண்டு நிற்கும் கடைப்பகுதியைச் சுட்டுகிறது. நுனி கிள்ளத்தக்கது. நீக்கப்படும் பொருளாகவே இவ்வுறுப்பு விவிலியத்தில் பேசப்படுவதால் அவ்வடை அங்குப் பொருத்தமாகவே அமைந்தது.

மற்றொரு மொழிபெயர்ப்புச் சிக்கல் இதனினும் ஆழமானது. எபிரேயத்தின் ஓர்லா, கிரேக்கத்தின் அக்ரோபுஸ்தியா என்பன உறுப்பைக் குறிக்கும் உடன்பாட்டுப் பெயர்கள். பவுலின் திருமுகங்களில் அக்ரோபுஸ்தியா என்னும் சொல், அவ்வுறுப்பு நீக்கப்படாத நிலையையும் அந்நிலையிலுள்ள பிற இனத்தாரையும் ஆகுபெயராகக் குறிக்கிறது. தமிழில் அது விருத்தசேதனமில்லாமை என எதிர்மறைத் தொடராயிற்று. மூலத்தில் ஒன்று உடைமையாகக் கூறப்பட்டது தமிழில் இன்மையாகக் கூறப்படுகிறது. உறுப்பு உள்ளவர் ஏதோ ஒன்று இல்லாதவராகிறார். இதயம், செவி, உதடு ஆகியவற்றிற்கும், நட்ட மரத்தின் முதற்கனிகளுக்கும் எபிரேயம் இச்சொல்லை உருவகமாக ஆள்கிறது. அங்கெல்லாம் 'மூடுண்ட', 'விலக்கப்பட்ட' என்னும் கருத்தே முனைப்பானது. ஐக்கிய மொழிபெயர்ப்பு அவ்விடங்களிலும் விருத்தசேதனமில்லாத என்னும் தொடரையே பேணியது. மூலத்திற்கு உண்மையாக நின்ற அம்முறையில், உருவகத்தின் அடிப்படையான மூடுதல் என்னும் கருத்து மறைந்துவிட்டது.

4. சுன்னத்தும் மங்கல வழக்கும்

தமிழ் முசுலிம்களிடையே இச்செயல் சுன்னத்து, கத்னா, மார்க்கக் கல்யாணம் எனப் பலவாறு வழங்கும். சுன்னத்து என்னும் அரபுச்சொல் நபிகளாரின் வழிமுறை முழுவதையும் குறிக்கும் பரந்த சொல். தமிழ்ப் பேச்சு வழக்கில் அது ஒரு செயலுக்கு மட்டும் உரியதாகப் பொருட்சுருக்கம் பெற்றது. சமய நூல்களில் பரந்த பொருளும் பேச்சில் குறுகிய பொருளும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. இதில் ஒரு முரண்பாடும் உண்டு. சட்டநெறிகளுள் அனபி நெறி இச்செயலைச் சுன்னத்து என வகுக்க, ஷாபி நெறி கட்டாயக் கடமை என வகுக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலான கடற்கரை ஊர்களில் ஷாபி நெறியினர் மிகுதி. கடமை எனக் கொள்வோரும் அதனைச் சுன்னத்து என்றே அழைக்கின்றனர். பெயர் சட்டவகைப்பாட்டிலிருந்து விடுபட்டுத் தனிச்சொல்லாகிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மார்க்கக் கல்யாணம் என்பது நன்னூலார் கூறும் மங்கலத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெட்டு, குருதி, வலி என்பன எவையும் இத்தொடரில் இல்லை. கல்யாணம் என்பதன் பழம்பொருள் நன்மை, மங்கலம் என்பதே. சிறுவனைப் புத்தாடையும் மாலையும் அணிவித்து உறவினர் சூழக் கொண்டாடும் நிகழ்வுக்கு அப்பெயர் பொருந்துகிறது. இதனைச் செய்யும் நாவிதர் இலங்கைத் தமிழில் ஒஸ்தா எனப்படுவர். ஆசான், கைவினை வல்லுநர் என்னும் பொருளுடைய உஸ்தாத் என்பதன் திரிபு எனக் கருதப்படும் இச்சொல்லும் உயர்வு குறித்து நிற்கிறது.

கோவண்டி போன்ற பகுதியில் தமிழரின் சுன்னத்து, உருது பேசுவோரின் கத்னா, மராத்தியரின் சுந்தா ஆகியவை ஒரே மருத்துவமனை வரிசையில் ஒலிக்கின்றன. சுந்தாவும் சுன்னத்தின் திரிபே. மூன்றும் செயலையே குறிக்கின்றன; உறுப்பைக் குறிப்பன அல்ல. இதனோடு, வெட்டுதல் என்னும் இந்தி வினையடியிலிருந்து பிறந்த வசைச்சொல் ஒன்றும் அந்நகரில் ஒரு சமூகத்தார்மீது வீசப்படுவதுண்டு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நிகழ்ந்த கலவரங்களை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கை 1998 இல் வெளியிடப்பெற்றது. தேவ்னார்ப் பகுதியும் அவ்விசாரணைக்கு உட்பட்ட பகுதிகளுள் ஒன்று. பிரிவினைக் காலக் கொலைகளைச் சித்திரிக்கும் சாதத் ஹசன் மண்டோவின் 'சியா ஹாஷியே' குறுஞ்சித்திரங்களுள் ஒன்று, இவ்வுடலடையாளத்தைக் கண்டபின் 'பிழை' உணரும் கொலையாளியைப் பற்றியது. குறி என்னும் சொல்லின் முதற்பொருள் இங்கு அச்சமூட்டும் வகையில் மீள்கிறது. இத்தகைய வரலாறுடைய ஊரில் இவ்வுறுப்பைப் பற்றி வினவும் சொல், உடல்நலம் பற்றிய வினாவா அல்லது 'நீ யார்' என்னும் வினாவா என்னும் ஐயம் எழாதவாறு அமைய வேண்டியுள்ளது.

5. மானிப்பாய் மருத்துவத் தமிழ்

சமயச் சார்பின்றி உடலை முழுமையாகப் பெயரிட்டு எழுதும் முயற்சி யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 முதல் மானிப்பாயில் மருத்துவப் பணி செய்தார். கால்வின் கட்டர் எழுதிய பாடநூலின் தமிழாக்கம் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயரால் வெளிவந்தது. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம் முதலான நூல்களும் கிறீனாலும் அவர்தம் மாணவர்களாலும் தமிழாக்கப்பெற்றன. 1864 முதல் மருத்துவக் கல்வியே தமிழில் கற்பிக்கப்பட்டது. கிறீன் 1873 இல் தாயகம் திரும்பி 1884 இல் மறைந்தார்.

முதல் நூலின் பெயரே ஒரு கலைச்சொல் திட்டம். அங்காதிபாதம் உடற்கூற்றியலையும், சுகரணவாதம் உடற்செயலியலையும், உற்பாலனம் நலவழியையும் குறித்தன. அங்காதிபாதம் என்னும் சொல், உறுப்புகளை வரிசையாகப் பாடும் கேசாதிபாதம் என்னும் இலக்கிய வகையை நினைவூட்டுவது. கலைச்சொல்லாக்கத்தில் முதலில் தமிழ், அடுத்து வடமொழி, இறுதியில் ஆங்கில ஒலிபெயர்ப்பு என்னும் ஒழுங்கைக் கிறீன் கடைப்பிடித்தார். இம்முறையின் சிறப்பு, ஓர் உறுப்பைச் சொல்லாமல் விடுவதற்கு இடமளிக்காமையே. பாடநூலில் உறுப்புகள் வரிசையாக வரும். வெட்கத்திற்குரியது எனக் கருதி ஒன்றைத் தாண்டிச் செல்ல மாணவர்க்கு உரிமை இல்லை.

முன்தோல் என்னும் இன்றைய மருத்துவ வழக்கு இந்நோக்கிற்கு இசைவானது. முன் என்னும் அடை இடத்தை மட்டும் சுட்டுகிறது. நீக்கத்தக்கது என்னும் குறிப்பு அதில் இல்லை. புணர்ச்சி விதிப்படி முன் + தோல் என்பது முன்றோல் என்றாதல் வேண்டும். இக்கால எழுத்து வழக்கு அவ்வாறு புணர்க்காமல் உறுப்புகளைப் பிரித்தறியும்படி விடுகிறது. கலைச்சொல்லுக்குத் தெளிவே முதன்மையாதலின் இது ஏற்கத்தக்கதே.

6. மூன்று பிரிவுகளும் சொற்றேர்வும்

6.1 அங்காதிபாதம். முன்தோல் ஒற்றைத் தோல் அன்று. தன்மேல் தானே மடிந்த இரட்டை அடுக்கு. வெளி அடுக்கு உடலின் பிற தோலைப் போன்றது. உள் அடுக்கு உதட்டின் உட்புறம் போல மென்மையும் ஈரமும் உடையது. அடிப்புறத்தில் ஒரு மெல்லிய இணைப்பிழை அதனை மொட்டுடன் பிணைக்கிறது. பிறக்கும்போது உள் அடுக்கும் மொட்டின் மேற்பரப்பும் ஒட்டியே இருக்கும். அவை பல ஆண்டுகளில் தாமாகப் பிரிகின்றன. 1949 இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு, பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர்க்கே முன்தோல் பின்னோக்கி நகரும் எனக் காட்டியது. 1968 இல் யாக்கோப் ஓஸ்டர் டென்மார்க்குப் பள்ளிச் சிறுவரிடையே செய்த ஆய்வு, ஒட்டு 6-7 வயதில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர்க்கும் 16-17 வயதில் 3 விழுக்காட்டினர்க்கும் இருந்ததைக் காட்டியது. நுனித்தோல் என்னும் சொல் இம்மடிப்பமைப்பைப் புலப்படுத்தாது. விளக்கவுரைகளில் 'மடிப்பு' என்னும் சொல்லைச் சேர்த்தல் இன்றியமையாதது.

6.2 சுகரணவாதம். முன்தோல் மொட்டையும் சிறுநீர்த் துளையையும் உராய்விலிருந்து காக்கிறது. மேற்பரப்பை ஈரமாக வைக்கிறது. நுண்தொடு உணர்வு நரம்புமுனைகளைத் தாங்கியுள்ளது. உறுப்பு விறைக்கும்போதும் புணர்ச்சியிலும் வழுக்கி நகர்ந்து இடந்தருகிறது. இவற்றைத் தமிழில் கூறுவதற்குத் தடையேதும் இல்லை. ஆயினும் செயலுக்கு மட்டுமே பெயரிட்டுப் பழகிய வழக்கில் 'நீக்கப்படும் ஒன்று' என்பதற்கு அப்பால் இவ்வுறுப்பைப் பற்றிய செய்திகள் எழுதப்படுவது குறைவாயிற்று.

6.3 உற்பாலனம். தூய்மை பற்றிய அறிவுரையில்தான் சொற்றேர்வு நேரடியாக உடலைத் தீண்டுகிறது. முன்தோல் தாமாகப் பிரியாத வயதுக் குழந்தைக்கு வெளிப்புறத்தைக் கழுவினால் போதும். வலிந்து பின்தள்ளுதல் கூடாது. தள்ளினால் கிழிந்து தழும்பேறி இறுக்கம் தோன்றும். எளிதாக நகரத் தொடங்கியபின், குளிக்கும்போது மெல்லப் பின்னுக்கு நகர்த்தி, நீரால் கழுவி, ஈரம் ஒற்றி, மீண்டும் முன்னிருந்தவாறே கொணர்தல் வேண்டும். பின்னுக்கு நகர்ந்த தோல் திரும்பாமல் வீங்கினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். இங்கு வினைச்சொல்லே மருந்தாகவும் நஞ்சாகவும் அமையும். 'தோலை உரித்துக் கழுவுக' எனப் பேச்சு வழக்கில் எளிதாகக் கூறப்படலாம். உரித்தல் பழத்திற்கும் விலங்கிற்கும் உரிய வினை. தோல் என்னும் சொல்லின் பொருட்பரப்பு அவ்வினையை இயல்பாக இழுத்து வருகிறது. அதனைக் கேட்கும் தாய் மூன்று மாதக் குழந்தையிடம் வலிமையைப் பயன்படுத்த நேரிடலாம். 'நகர்த்துக', 'நகராவிடில் விடுக' என்னும் இரு தொடர்களும் இணைந்து வருதலே பாதுகாப்பானது.

மடிப்பினுள் திரளும் வெண்பொருளின் பெயரும் கருதத்தக்கது. மருத்துவ நூல்கள் அதனை ஸ்மெக்மா என்னும். கிரேக்கத்தில் அச்சொல்லுக்குச் சவர்க்காரம், அதாவது தூய்மை செய்யும் பொருள், என்பதே பொருள். தமிழ்ப் பேச்சு வழக்கு அதனையே அழுக்கு என்கிறது. உதிர்ந்த தோலணுக்களும் எண்ணெய்ச் சுரப்பும் கலந்த அப்பொருள் நோயும் அன்று, சீழும் அன்று. நாள்தோறும் நீரால் கழுவினால் நீங்குவது. 'வெண்படிவு' என்னும் நடுநிலைச் சொல் அச்சத்தையும் அருவருப்பையும் குறைக்கும்.

7. நோய்ப்பெயர்களும் ஒரு பழைய மருத்துவமும்

பின்னுக்கு நகராத நிலையை மேலை மருத்துவம் பைமோசிஸ் என்னும். விலங்கின் வாய்க்கு இடும் பூட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. சுசுருதசங்கிதையின் சிறுநோய்கள் பற்றிய இயல் இதனை நிருத்தப்பிரகாசம் என்னும். தடுக்கப்பட்ட வெளிப்பாடு என்பது அதன் பொருள். பின்னே சென்று திரும்பாது வீங்குவது பரிவர்த்திகை. தோல் கிழிவது அவபாடிகை. கிரேக்கர் கருவியை உவமித்தனர். சுசுருத மரபினர் நிகழ்வை விளக்கினர். நிருத்தப்பிரகாசத்திற்கு அந்நூல் கூறும் முதன்மை மருத்துவம், நெய் தடவிய இருவாய்க் குழலைச் செலுத்தி, மூன்று நாளுக்கொருமுறை சற்றே பருத்த குழலாக மாற்றிப் படிப்படியாக விரித்தல் ஆகும். இன்றும் சிறுவர்க்கு முதலில் களிம்பும் மெல்லிய விரிப்பும் பரிந்துரைக்கப்படுவதும், அவை பயனளிக்காதபோது அறுவை கருதப்படுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன.

தமிழில் இந்நிலைக்கு முன்தோல் குறுக்கம், முன்தோல் இறுக்கம் என இரு பெயர்கள் காணப்படுகின்றன. ஐகாரக்குறுக்கம் முதலான வழக்குகளில் குறுக்கம் அளவு குறைதலையே குறிக்கும். இங்குக் குறைவது நீளம் அன்று, நெகிழ்ச்சி. ஆதலின் இறுக்கம் என்பதே செவ்விய சொல். குழந்தைப் பருவத்தின் இயல்பான ஒட்டை இவ்விரு பெயர்களாலும் அழைத்தல் பொருந்தாது. நோய்ப்பெயர் இட்டவுடன் நோய்க்குரிய மருத்துவமும் தேடப்படும். 'இயல்பொட்டு' எனத் தனியே பெயரிடல் தகும்.

செயலின் பெயரிலும் இத்தகைய வரையறை வேண்டும். ஆப்பிரிக்காவில் நடந்த மூன்று ஆய்வுகளின் அடிப்படையில், 2007 இல் உலக நலவாழ்வு நிறுவனம், எச்.ஐ.வி. தொற்று மிகுந்த பகுதிகளில் ஆண்கள் தம் விருப்பத்தின்பேரில் செய்துகொள்ளும் அறுவையைத் தடுப்பு முறைகளுள் ஒன்றாகப் பரிந்துரைத்தது. இத்தகைய செய்தியை விருத்தசேதனம் என்றோ சுன்னத்து என்றோ பெயர்த்தால், மருத்துவக் கருத்து ஒரு சமயத்தின் கருத்தாகத் தோன்றும். 'முன்தோல் நீக்க அறுவை' என்னும் தொடர் நீண்டதெனினும் எச்சார்பும் அற்றது. சமயச் சடங்கைப் பற்றி எழுதும்போது அச்சமயத்தார் வழங்கும் பெயரையே ஆளுதல் மதிப்புக்குரிய முறை.

8. முடிவுரை

இவ்வுறுப்பின் தமிழ்ப் பெயர் வரலாறு மூன்று வழிகளில் சென்றுள்ளது. விவிலிய வழி நுனித்தோலைத் தந்து, அதனை உடையவரை இன்மைத் தொடரால் குறித்தது. இசுலாமிய வழி செயலுக்கு மங்கலப் பெயர்களைத் தந்தது. மருத்துவ வழி, மானிப்பாயில் வகுத்த நெறிப்படி, உறுப்பை உறுப்பாகவே பெயரிடும் துணிவைத் தந்தது. மூன்றும் தத்தம் களங்களில் தகுதியுடையன. ஒன்றின் சொல் மற்றொன்றின் களத்தில் நுழையும்போதே இடர் தோன்றுகிறது.

எனவே, உடற்கூற்றில் முன்தோல், தூய்மை அறிவுரையில் நகர்த்துதல், நோய்ப்பெயரில் இறுக்கம், குழந்தைப் பருவ நிலைக்கு இயல்பொட்டு, மருத்துவச் செயலில் முன்தோல் நீக்க அறுவை என வரையறுத்துக் கொள்ளுதல் மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்தரும். கோவண்டியின் ஒரு குறுகிய தெருவில் வினாநிரலுடன் நிற்பவர்க்கும், அவரை வாயிலில் எதிர்கொள்ளும் தந்தைக்கும் இடையே உள்ள நம்பிக்கை இத்தகைய சிறு வேறுபாடுகளையே பொறுத்துள்ளது.